இன்னைக்குப் பாடியாச்சு

நாடகக் கொட்டகையில் ஒரு பாட்டு நன்றாக இருந்தது என்பதற்கு அந்தக் காலத்தில் ஒரே ஓர் அடையாளம்தான் உண்டு. பாட்டு முடிந்ததும் ஜனங்கள் "ஒன்ஸ்மோர்" என்று கத்த வேண்டும். இங்கிலீஷில் கத்தக் கூச்சப்படுகிறவர்கள் "இன்னொருக்கா" என்று கத்துவார்கள். கத்தினால் பாடினவர் மறுபடியும் பாட வேண்டும். கதையில் அவர் எந்த நிலைமையில் இருக்கிறார் என்பதை யாரும் பார்ப்பதில்லை. யுத்தகளத்தில் அம்பு பட்டுச் செத்துப்போன ராஜா எழுந்து உட்கார்ந்து, மார்பிலிருக்கும் அம்பை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முகாரியை இன்னொரு தடவை பாடிவிட்டுத் திரும்பவும் சாவார். ஒரே ராஜா ஒரே ஆட்டத்தில் நாலு தடவை சாவதற்கு நான் ஆர்மோனியம் வாசித்திருக்கிறேன்.

அக்கா அந்த வழக்கத்துக்குச் சம்மதிக்கவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள், அதனால் அக்கா. தென்காசியில் கோயிலுக்குத் தெற்கே குடியிருந்தாள். அவளுடைய அம்மாவுக்குக் கோயிலில் பாடும் முறை இருந்தது. அம்மா போன பிறகு அக்காவும் அவள் தங்கையும் கலியாண வீடுகளிலும், சீசன் சமயத்தில் குற்றாலத்துப் பங்களாக்களிலும் பாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா முன்பாட்டு, தங்கை பின்பாட்டு, நான் ஆர்மோனியப் பெட்டி. என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'வே' என்பாள். ஆண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற வார்த்தை அது. ராஜா வேஷம் போட்டுப் போட்டு அவளுக்கு அது வந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். வேஷம் கட்டுவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் கூப்பிட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அவள் நாடகத்துக்கு வந்ததற்கு அருவிதான் காரணம். ஒரு சீசனில் மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்று தென்காசியில் வந்து கொட்டகை போட்டது. அவர்களுடைய ராஜபார்ட்காரர் அருவியைப் பார்க்காதவர். முதல் நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் இறங்கியவரை, மூன்று மணி நேரம் கழித்து இரண்டு பேர் சேர்ந்து வெளியே இழுத்து வந்தார்கள். மறுநாள் அவருக்குத் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. கம்பெனி முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பங்களாவில் ஒரு பெண் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்து கேட்டார். பாட்டு முடிகிற வரைக்கும்கூட அவருக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, வசனம் கொஞ்சம்தான். பாட்டு அம்பது. வாள் ஒண்ணு தருவோம். வருவீங்களா?" என்றார்.

"வாரேன். ஆனா ஒரு பாட்டை ஒருக்கத்தான் பாடுவேன்."

"ஜனங்க கேட்டா?"

"ஒருக்கத்தான்."

முதலாளி சிரித்துக்கொண்டே சரி என்றார். எத்தனையோ பேர் இப்படிச் சொல்லிக் கேட்டவர் அவர். கொட்டகை நிறைய ஜனங்கள் கத்தும்போது தானாகப் பாடிவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

முதல் ஆட்டத்தில் அக்கா தலையில் கிரீடத்தோடு வந்து நின்று ஒரு காம்போதி பாடினாள். பிறகு கத்தல் ஆரம்பித்தது. தரை டிக்கெட், பெஞ்சு, நாற்காலி எல்லாம் சேர்ந்து கத்தின. அக்கா வாளின் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பெட்டியில் சுருதியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, மெதுவாக, "அடுத்ததை வாசியும் வே" என்றாள்.

அடுத்ததை வாசிக்க விட்டால்தானே. முன் வரிசையில் குற்றாலத்துக்குக் குளிக்க வந்திருந்த ஒரு பெரிய மிராசுதார் எழுந்து நின்றார். கையில் ஒரு வெள்ளிப் பதக்கம் வைத்திருந்தார்.

"அந்தக் காம்போதியை இன்னொருக்க பாடும்மா. இதைக் குத்திட்டுப் போறேன்."

அக்கா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். ராஜாவாக அவரிடம் பேசுவது மரியாதை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ.

"இன்னைக்குப் பாடியாச்சு அண்ணாச்சி. நாளைக்கு வாங்க. நாளைக்கும் பாடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிரீடத்தை மறுபடி வைத்துக்கொண்டாள்.

முதலாளி பக்கப் படுதாவுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தார். அவர் கும்பிட்டது அவளையா சாமியையா என்று தெரியவில்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கால் மணி நேரம் கத்திவிட்டு ஜனங்கள் ஓய்ந்து போனார்கள். நாடகம் நடந்தது. மறுநாள் அந்த மிராசுதார் வந்தார். அவரோடு முந்தின நாள் கத்தினவர்களும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். இரண்டு தடவை கேட்க விரும்புகிறவன் இரண்டு நாள் வந்தாக வேண்டும் என்பது முதலாளிக்கு நான்காம் நாள்தான் விளங்கியது. அதற்குப் பிறகு போகிற ஊரிலெல்லாம், இது தான் கண்டுபிடித்த ஏற்பாடு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்கா அதை மறுக்கவில்லை.

வீட்டிலும் அவள் அப்படித்தான். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டாள். கறிகாய்க்காரியிடம், "கத்தரிக்கா என்ன விலை?" என்று கேட்பாள். அவள் வேறு யாரிடமாவது பேசிக்கொண்டிருந்து கவனிக்கவில்லையென்றால், அன்றைக்கு அந்த வீட்டில் கத்தரிக்காய் கிடையாது. பால்காரருக்குக் காது மந்தம். அவர் கேட்டது பாதியும் ஊகித்தது பாதியுமாகப் பால் ஊற்றிவிட்டுப் போவார். விருந்தாளி வந்த நாளில் ஓர் உழக்கு மட்டும், யாரும் இல்லாத நாளில் நாழி நிறையவும் ஊற்றுவார். அக்கா ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைப்பாள்.

ஒரு தடவை பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு தரகர் வந்தார். நல்ல இடம், இரண்டாம் தாரம், தோட்டம் துரவு உண்டு என்றார். அக்கா, "வேண்டாம்" என்றாள். பெண் பிள்ளைகள் முதலில் வேண்டாம் என்று சொல்வதுதான் முறை என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்து அதையே கேட்டார். அக்கா காப்பி கொடுத்தாள். பதில் சொல்லவில்லை. பதினைந்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் காப்பி. வேண்டாம் என்றவள் இரண்டு தடவையாக வாயைத் திறக்கவில்லை, காப்பியும் தருகிறாள் என்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மூன்று வில்வண்டிகளில் மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாக வந்து வாசலில் இறங்கினார்கள்.

அக்கா எல்லோரையும் உட்காரச் சொன்னாள். காப்பி வந்தது. மாப்பிள்ளையின் அக்காள் பூவை நீட்டியபடி நின்றாள். தரகர் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தாள். பெட்டி வாசிக்க வந்த நான் எழுந்து நின்று, "இவுக அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிட்டாவ" என்று சொன்னேன்.

"என்னைக்கு?" என்றார் மாப்பிள்ளை. நல்ல மனிதர். முகம் சிவந்துபோயிருந்தது.

"ஒரு மாசத்துக்கு முந்தி."

அவர்கள் போன பிறகு, "ஏங்க்கா, அந்தத் தரகர்கிட்ட இன்னொரு தடவை சொல்லியிருந்தா இந்தப் பாடு உண்டுமா?" என்று கேட்டேன்.

"சொன்னதைக் கேக்காத ஆளுக்கு எத்தனை தடவை சொல்லணும்? அதுக்கு ஒரு கணக்கு சொல்லும், நான் கேக்கேன்" என்றாள்.

சிரிப்பாக இருக்கிறது என்றுதான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போம். ஆனால் எல்லாமே சிரிப்பு இல்லை. கம்பெனியில் ஒரு மிருதங்கக்காரர் இருந்தார். நல்ல கை. கொஞ்சம் குடித்துவிட்டு வந்தாரென்றால் காலப்பிரமாணம் நிற்காது, தாளம் வேகம் பிடித்து ஓடும். ஒரு நாள் வேஷத்தைக் கலைத்துக்கொண்டே அக்கா அவரிடம், "காலம் ஓடுது" என்றாள். அவர் சிரித்தார். அடுத்த வாரம் மறுபடியும் ஓடியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். மேடையில் அவருக்குச் செய்கை காட்ட மாட்டாள், ஏச மாட்டாள், முதலாளியிடம் புகாரும் சொல்ல மாட்டாள். அவர் வாசிக்கிறபடி வாசிக்க, இவள் பாடுகிறபடி பாடுவாள். இரண்டு மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னை ஒருக்க ஏசச் சொல்லு தம்பி. செருப்பால வேணும்னாலும் அடிக்கச் சொல்லு" என்று அழுதார். நான் போய்ச் சொன்னேன். அக்கா, "அவர்கிட்டச் சொல்லியாச்சே வே" என்றாள். மிருதங்கக்காரர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அன்று எனக்கு அவளிடம் கொஞ்சம் பயம் உண்டாயிற்று.

பேசும் படம் வந்தபோது அவளையும் கூப்பிட்டார்கள். அப்போதெல்லாம் கல்கத்தாவுக்குப் போய்த்தான் படம் பிடிக்க வேண்டும். பாட்டைத் தனியாகப் பிடித்துச் சேர்க்கிற வித்தை அன்றைக்குக் கிடையாது. காமிராவுக்கு முன்னால் நின்று பாட வேண்டும். பக்கவாத்தியங்கள் காமிராவின் கண்ணுக்குப் படாமல் ஒளிந்துகொண்டு வாசிக்க வேண்டும். நான் ஒரு செயற்கைச் செம்பருத்திப் புதருக்குள் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். மிருதங்கத்தை மரத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பிடில்காரர் மரத்தின் மேலேயே இருந்தார்.

டைரக்டர் வங்காளத்துக்காரர். தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார்.

"ஒரு தடவை சரியாக வரவில்லையென்றால் இன்னொரு தடவை எடுப்போம். கவலைப்பட வேண்டாம் என்று டைரக்டர் சொல்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"இன்னொரு தடவைன்னா நாளைக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லை, உடனே."

"உடனே முடியாது. நாளைக்குன்னா முடியும்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். டைரக்டர் நெடுநேரம் வங்காளத்தில் பேசினார். அதில் எவ்வளவு எங்களுக்குச் சொல்லத்தக்கது என்று தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் எதையும் சொல்லவில்லை. முதல் மூன்று நாட்கள் டைரக்டர் விட்டுப் பார்த்தார். முதல் நாள் காமிராவில் பிலிம் சிக்கியது. இரண்டாம் நாள் ஒரு தச்சர் தும்மினார். மூன்றாம் நாள் பிடில்காரர் கிளையிலிருந்து வழுக்கினார். மூன்று நாளும் அக்கா பாடிவிட்டு, தலைமாலையைக் கழற்றி வைத்துவிட்டு, அறைக்குப் போய்விட்டாள். மூன்று நாள், ஒரு பாட்டு. படத்தில் பாட்டு முப்பத்திரண்டு.

நான்காம் நாள் ஸ்டுடியோவே மாறிப்போயிருந்தது. பாட்டு எடுக்கிற நேரத்தில் தச்சர்களையெல்லாம் தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். காக்கை விரட்ட இரண்டு பேர் கூரையில் ஏறினார்கள். பிடில்காரரைக் கிளையோடு சேர்த்துக் கட்டினார்கள். காமிராக்காரர் காலையிலேயே பூஜை செய்தார். அன்று முதல் எல்லாம் ஒரே தடவையில் வந்தன. தன் ஆயுளில் இவ்வளவு ஒழுங்கான ஸ்டுடியோவைப் பார்த்ததில்லை என்று டைரக்டர் கடைசி நாளில் சொன்னார். இதை மொழிபெயர்ப்பாளர் உடனே சொன்னார்.

ஒரு பாட்டில் மட்டும், விரட்டினதையும் மீறி ஒரு காக்கை கத்திவிட்டது. செஞ்சுருட்டியில் ஓர் இடத்தில் அக்கா பாட்டை நீளமாக நிறுத்தியிருந்தாள். அது சரியாக அங்கே கத்தியது. அக்கா அசையவில்லை. அது முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு அடுத்த அடியை எடுத்தாள். டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் நான் தைரியமாகக் கேட்டேன்.

"ரெண்டாவது தடவை பாடினா என்னக்கா? தொண்டை நல்லாத்தானே இருக்கு?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வராது என்று நான் வெற்றிலையை எடுத்தேன்.

"மொதல்ல பாடும்போது அடுத்த அடி எங்கன போகும்னு எனக்கே தெரியாது வே. அது போற வழியில நான் போறேன். ரெண்டாவது பாடும்போது தெரிஞ்சுபோயிருது. அப்போ நான் பாடலை. பாடுனவளைப் பாத்து நடிச்சுக் காமிக்கேன்" என்றாள். பிறகு, "மறுநாள் மறந்துருது. அதான் மறுநாள் பாடுதேன்" என்றாள்.

இதை அவள் என்னிடம் ஒரு தடவைதான் சொன்னாள். அதனால்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

மொத்தம் மூன்று படத்தில் நடித்தாள். யுத்த காலத்தில் நாலாவதற்கு ஒரு மானேஜர் சென்னையிலிருந்து வந்தார். இப்போது வேலை சுலபமாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். "பாட்டை மொதல்ல ஓர் அறையில வச்சுப் பிடிச்சிருவோம்மா. பிறகு செட்டுல அதைப் போடுவோம். நீங்க வாயை அசைச்சா போதும். பாடவே வேண்டாம்."

"பாடுனது நான்தானே?"

"நீங்கதான்."

"பாடியாச்சுன்னா பொறவு என்னத்துக்கு வாயை அசைக்கணும்?"

மானேஜர் யோசித்தார். "வாயை அசைக்கிறது கஷ்டம்னா, வேற யாரையாவது அசைக்க வச்சுக்கிடலாம். நீங்க பாட மட்டும் செய்ங்க. இல்லேன்னா வேற யாராவது பாடட்டும், நீங்க நடிங்க" என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்தாள். காப்பி வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவரை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டு வந்தேன். அவளுடைய சினிமா அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு நவராத்திரிக்குக் கோயிலில் பாடுவாள். யாரும் இன்னொரு தடவை கேட்க மாட்டார்கள். ஊருக்குப் பழகிவிட்டது.

நான் சொல்ல வந்தது இதற்கெல்லாம் முன்னால் நடந்தது. முதல் படம் தென்காசிக்கு வந்த சமயம்.

அந்தப் பின்பாட்டுப் பாடின தங்கையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அவள் அக்கா நாடகத்துக்குப் போன மறு வருஷமே, குத்துக்கல்வலசையில் ஒரு பையனைத் தன் இஷ்டப்படி கட்டிக்கொண்டாள். தன் பெண்டாட்டி சபையில் பாடக் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை. தங்கை அதற்குச் சரி என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்கு அந்தச் 'சரி'தான் பொறுக்கவில்லை. கலியாணத்துக்குப் போகவில்லை. இரண்டு வருஷத்தில் அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். கொஞ்ச நாள் காகிதம் வந்தது. பிறகு வரவில்லை. தங்கை குத்துக்கல்வலசையிலேயே அப்பளம் இட்டுக் கொடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள். தென்காசிக்கும் அதற்கும் நடக்கிற தூரம்தான். எட்டு வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குள் நான் ஒரே ஒரு தடவை அதைப் பற்றி அக்காவிடம் பேச்செடுத்தேன். "அவளைக் கூப்பிட்டாச்சு. வரலை" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க முடியாது என்பது எனக்கு மிருதங்கக்காரர் விஷயத்திலேயே தெரியும்.

படம் சீசனில் வந்தது. தகரக் கொட்டகை. குற்றாலத்துக்கு வந்த ஜனங்களுக்காக மத்தியான ஆட்டமும் போட்டார்கள். வெளிச்சம் வராமல் கறுப்புத் துணி தொங்கும்; சாரல் பெய்தால் கூரைச் சத்தத்தில் வசனம் கேட்காது. பாட்டு கேட்கும். நான் தினமும் போனேன். புதருக்குள்ளிருந்து என் பெட்டி கேட்கும், நான் தெரியமாட்டேன். அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. காக்கை கத்துகிற இடத்தில் கொட்டகை கைதட்டும். அது தென்காசிக் காக்கைதான், அக்கா கூடவே கல்கத்தாவுக்குப் போயிருந்தது என்று சிலர் சத்தியம் செய்தார்கள்.

செஞ்சுருட்டி முடிந்ததும் "இன்னொருக்கா" என்று கத்தல் எழும். நாடகமாக இருந்தால் அதோடு சரி. இங்கே ஆப்பரேட்டர் விளக்கைப் போட்டுவிட்டு, பிலிமைத் திருப்பிச் சுற்றி மறுபடியும் ஓட்டுவார். திரையில் அக்கா மறுபடி வந்து நின்று, அதே மாதிரி கையைத் தூக்கி, அதே பாட்டைப் பாடுவாள். காக்கையும் அதே இடத்தில் கத்தும். எனக்கு முதல் தடவை உடம்பு கூசியது.

நாலாம் நாள்தான் கவனித்தேன். கத்தலை முதலில் ஆரம்பிக்கிறது பெண்கள் பக்கத்தில் ஒரு குரல். எனக்கு அந்தக் குரல் தெரியும். பின்பாட்டுக் குரல். வெளியே வந்ததும் வாசலில் நின்று பார்த்தேன். தங்கை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள்.

"என்ன தங்கச்சி, தெனமும் வாரியா?"

"நீங்களும்தான் தெனமும் வாரிய அண்ணாச்சி."

"நான் என் பெட்டியைக் கேக்க வாரேன்."

"நான் எங்கக்காவைக் கேக்க வாரேன். இங்கனதான் கேட்டாப் பாடுதா" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். புருஷன் ஊரில் இல்லாதவள் தினமும் சினிமாக் கொட்டகைக்குப் போகிறாள் என்று வலசையில் பேசுகிறார்களாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இங்க வந்து கத்துததுக்கு, வீட்டுக்கே போயிரலாம்லா?"

"கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போறது?"

"கூப்பிட்டாளாமே. நீதான் வரலையாம்."

அவள் நின்றுவிட்டாள். "என்னையா? எப்போ? எங்கன வச்சு?"

எனக்கும் தெரியாது. மறுநாள் அக்காவிடம் போனேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "தங்கச்சியை எங்கன வச்சுக் கூப்பிட்டக்கா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்பது முதல் தடவை என்பதால் பதில் சொன்னாள்.

"குத்தாலத்தில. அவன் கொழும்புக்குப் போன வருசம். பேரருவியில பொம்பளையள் குளிக்கிற பக்கம் நின்னா. நான் பக்கத்துலதான் நின்னேன். 'ஏட்டி, வீட்டுக்கு வா'ன்னேன். என்னைப் பாத்தா. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா."

"அருவிக்குள்ள நிக்கும்போதா?"

"அருவிக்குள்ளதான்."

நான் அங்கிருந்து நேரே குத்துக்கல்வலசைக்கு நடந்தேன். தங்கை அப்பளத்தை வெயில் வருகிற பக்கமாக மாற்றி மாற்றிப் பரப்பிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கையிலிருந்த அப்பளம் மடிந்து ஒட்டிக்கொண்டது.

"பேரருவியிலயா? அண்ணாச்சி, அந்த இரைச்சல்ல யாரு என்ன சொன்னாலும் கேக்குமா? வாய் அசைஞ்சது தெரிஞ்சுது. ஏசுதான்னுலா நெனச்சேன். குளிக்கிற இடத்தில, அத்தனை பேரு பாக்க ஏசுதாளேன்னுதான் அழுதுக்கிட்டே போனேன்."

மடிந்த அப்பளத்தைப் பிரிக்கப் பார்த்தாள், கிழிந்தது. எட்டு வருஷம் என்பதை நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததா?

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்து முடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, கழுவின கீரையையே திரும்பவும் கழுவினாள். அப்படி அவள் செய்து நான் பார்த்ததில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"காதுல விழலைன்னா, அது கூப்பிட்டதில சேராது."

"சேராதுக்கா."

"அப்போ இன்னும் கூப்பிடலை."

"இல்லக்கா. இன்னும் கூப்பிடலை."

"செருப்பை மாட்டும் வே" என்றாள்.

ராஜா நடை என்று சொல்வார்களே, அந்த வேகத்தில் நடந்தாள். நான் அன்றைக்கு மூன்றாவது முறையாக அதே பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியில் தெரிந்தவர்கள், "எங்க இவ்வளவு தூரம்?" என்று கேட்டார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பேச்சை மிச்சம் பிடிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. சாரல் நின்றுவிட்டிருந்தது. தங்கை இருக்கும் தெருவில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. வேறு சத்தம் எதுவும் கிடையாது.

அக்கா வீட்டு நடையில் ஏறவில்லை. தெருவிலேயே நின்றாள். கதவு திறந்திருந்தது. உள்ளே தங்கை சுளகோடு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவளும் எங்களைப் பார்த்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை.

"ஏட்டி, வீட்டுக்கு வா" என்றாள் அக்கா.

நாடகக் கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட் வரைக்கும் மைக் இல்லாமல் கேட்ட குரல் அது. ஆடுகள் எழுந்து நின்றன. எதிர்வீட்டில் ஒருத்தி வெளியே வந்து பார்த்தாள்.

தங்கை சுளகைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணை எங்கள் மேலேயே வைத்துக்கொண்டு, "என்னக்கா? கேக்கலையே" என்றாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். மிருதங்கக்காரர் ஞாபகம் வந்தது. திரும்பி நடக்க வேண்டியிருக்கும் என்று செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி, "ஒன்னை வீட்டுக்கு வரச் சொல்லுதாவட்டி" என்று உதவிக்கு வந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

"வீட்டுக்கு வாட்டி" என்றாள் அக்கா.

இது முதல் தடவை சொன்னதைப் போல இல்லை. சுருதி வெகுவாக இறங்கியிருந்தது. எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"இந்தா வாரேன். அடுப்பை அமத்திட்டு வாரேன்" என்று தங்கை உள்ளே போனாள். அடுப்பை அமர்த்த அவ்வளவு நேரம் ஆகாது. அக்கா தெருவிலேயே காத்துக்கொண்டு நின்றாள். ஆடுகள் திரும்பவும் படுத்துக்கொண்டன. தங்கை முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு துணிமூட்டையோடு வந்து கதவைப் பூட்டினாள். ஈர அப்பளத்தையெல்லாம் எதிர்வீட்டுக்காரியிடம் ஒப்படைத்தாள். மூட்டையை நான் வாங்கிக்கொண்டேன்.

வரும் வழியில் தங்கை முன்னால் நடந்தாள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் அக்கா நடையைக் குறைத்து என் பக்கமாக வந்தாள்.

"அவளுக்கு மொதல்லயே கேட்டிருச்சு வே" என்றாள்.